ஆறு நிமிடம்

கட்டண மனுவின் இணைப்பை
நான்தான் தட்டச்சு செய்தேன்.
பெயர், ஊர், அனுபவம், மணிக்கு எத்தனை டாலர்.

மாரிட் சோல்பெர்க், டுலூத், பத்தொன்பது ஆண்டு: தொண்ணூற்றைந்து.
பெங் லோர், மினியாபொலிஸ், மூன்று ஆண்டு: நூற்றுநாற்பது.

முதல் வரி நான்.

எண் மாறிவிட்டதோ என்று பழைய கோப்பைத் திறந்தேன்.
மாறவில்லை.
கட்சிக்காரரிடம் வாங்குவதுதான் அது;
கைக்கு வருவது அதில் மூன்றிலொன்று தேறாது,
ஆனால் சம்பளச் சீட்டுக்கும் அதே சாயல்.
இரண்டரை மணி நேர நெடுஞ்சாலையில்
ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் அருகே
என் பதினாறு ஆண்டுகள் இறங்கிக்கொண்டன போல.

"அங்கே வாடகை அதிகம்" என்றார் மேலாளர்.
உண்மைதான்.
இங்கே ஏரியை இலவசமாகப் பார்க்கலாம்.
ஜனவரியில் எரிவாயு பில் வரும்போது
ஏரி பங்கு போடுவதில்லை.

பெங் நல்ல பையன். நேற்று அழைத்தான்,
இந்த நீதிபதிக்கு ஆவணங்களை எப்படிக் கட்டுவது என்று.
ஒரு பக்க அச்சு, ஒட்டுச்சீட்டு வலப்புறம்,
துளை மூன்று, ஸ்டேப்ளர் கூடவே கூடாது.
கோப்பைப் பார்க்காமல் சொன்னேன்.
அதைக் கற்ற நாளில்
நகல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து அழுதிருக்கிறேன்.
அதன் மூடி வெதுவெதுப்பாக இருந்தது.

ஆறு நிமிடப் பேச்சு.
கணக்கில் இருவரும் எழுதினோம்:
கேட்டவனுக்குப் பதினான்கு டாலர்,
சொன்னவளுக்கு ஒன்பதரை.

மாலையில் வழக்கறிஞர் வந்தார்.
மேற்கண்ட விகிதங்கள் நியாயமானவை என
வலக்கை உயர்த்தி உறுதி சொன்னார்.
இந்த அலுவலகத்துக்கு நோட்டரியும் நான்தான்.
என் முன்னிலையில், என்று எழுதி
முத்திரை குத்தினேன்.
மை காய ஊதினேன்.
அதற்குக் கணக்கு எழுதவில்லை.