மூன்று இருந்த இடம்

ஜனவரியில் அக்தோகைக்கு வந்து சேர்ந்தது
அந்தக் காலி டாங்கர்.
வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் 73939133.
அப்படியொரு பெட்டியே இல்லை என்றது கணினி.

இல்லாத பெட்டியின் சக்கரத்தைச்
சுத்தியலால் தட்டினேன்.
கணீரென்றது.

எங்கள் வண்டிகளில் எட்டாம் இலக்கம் காவலாள்.
மற்ற ஏழு இலக்கங்களையும்
ஒன்றுவிட்டு ஒன்று இரட்டித்து, உடைத்துக் கூட்டி,
முழுப் பத்துக்கு எது குறைகிறதோ
அது அங்கே நிற்கவேண்டும்.
கையுறைக்குள் விரல் மடக்கினேன்: முப்பத்தாறு.
வரவேண்டியது நான்கு. நின்றது மூன்று.
கராகண்டா பட்டறையில் எவனோ
குளிரிலோ குடியிலோ
ஒன்றைக் குறைத்துவிட்டான்.

தாள் வரும்வரை ஒன்பதாம் தடத்தில் கிடக்கட்டும் என்றார்கள்.
இரவுப் பணி. அடுப்பு, கால்குலேட்டர், வேலையில்லாத விரல்கள்.
வகுக்க ஆரம்பித்தேன்.
மூன்றுக்கு மசியவில்லை. ஏழுக்கும் பதினொன்றுக்கும் இல்லை.
எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரை
ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதவுகள்,
எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மீதி.
"என்ன கிடைத்தது, ஸௌரே?" என்றான் தோஸ்போல்.
ஒன்றும் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம் என்றேன்.
தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டுத் தூங்கப் போனான்.

ஜுங்கார் கணவாய்க் காற்று
வலப்பக்கமிருந்து பனியை அப்பியது.
விடிந்தால் ஓர் இலக்கம் காணோம்.
மிஞ்சியதை வகுத்தேன், பழக்கதோஷம்.
அதுவும் பகா எண்.
மறுநாள் இன்னொன்று போயிற்று.

7393913
739391
73939
7393
739
73
7

எந்த இடத்தில் வெட்டினாலும் பகா எண்.
கடைசியில் பனிக்குள் ஒற்றை ஏழு
கொக்கி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது,
தொப்பியைக் கழற்றி மாட்டலாம்போல.

சரி, வலப்பக்கம் ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்த்தால்?
இரட்டைகளும் ஐந்தும் பேச்சுக்கே இல்லை.
ஒன்றையும் ஏழையும் வைத்தால் மூன்று விழுங்கிவிடுகிறது.
மூன்றும் ஒன்பதும் கொஞ்சம் போக்குக் காட்டி
அவையும் உடைந்தன.
குறைந்தால் குலையாத எண்.
கூட மட்டும் அதற்கு வழியில்லை.
என் சம்பளம் மாதிரி என்று எழுதி, அடித்தேன்.

பதினோராம் நாள் தாள் வந்தது.
பனியைச் சுரண்டி, தூரிகையை அடுப்பில் காட்டி,
மூன்றின்மேல் நான்கு எழுதினேன்.
இரண்டால் போகும், மூன்றால் போகும்,
ஆறு பேருக்குச் சண்டையில்லாமல் பங்கு வைக்கலாம்.
அரை நொடியில் கணினி பச்சை காட்டியது:
இப்போது இருக்கிறது பெட்டி.
பாவ்லோதார், எண்ணெய் ஏற்ற.

என்ஜின் இழுக்கும் முன் ஓடிப்போய்
நான்கை உள்ளங்கையால் மறைத்து
ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.
அந்தக் குளிரில் பெயிண்ட் எங்கே காயும்?

வண்டி போய்விட்டது.
வலது கையுறையில் ஒரு நான்கு இருக்கிறது,
கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி.