ஐந்து புள்ளி எட்டு

மூன்று வரை மன்னிப்பு உண்டு.
என் வண்டிக்கு வந்தது ஐந்து புள்ளி எட்டு.

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம்
ஆம்னி வேனுக்குள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் பெண்
புகைக்குழாயில் விட்டிருந்த கம்பியை உருவித்
துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"கார்பன் மோனாக்சைடுக்கா. கண்ணுக்குத் தெரியாது.
தெரியறது வேற."
காசு வாங்கவில்லை.
வாங்கியிருந்தால் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன்.

எண்பத்தாறாம் வருடத்துப் பத்மினி.
ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஏலத்தில்
இரண்டு பீரோ, ஒரு டைப்ரைட்டர், அதோடு இதுவும்.
லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்.
முந்தானையில் எந்நேரமும் பெட்ரோல் வாசம்.
காலையில் நான் சாவியைத் திருப்பும் முன்பே
கீழ்வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும்.

கவுஸ் பாய் முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டினார்.
சுரங்கத்து மேக்னசைட் பொடி
வெள்ளை வெளேரென்று அவர் செருப்பில் உதிர்ந்தது.
புதிது போட்டோம். ஐந்து புள்ளி மூன்று.

அப்புறம் சோக்.
எஸ்டேட் டிரைவர் யாரோ ஒரு மார்கழிக் குளிரில்
பாதி இழுத்து, செப்புக் கம்பியால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
பதினோரு வருடமாக
சேலத்து மே மாதத்திலும்
என் வண்டிக்குக் குளிர்காலம்தான் நடந்திருக்கிறது.
அவிழ்த்தோம். நான்கு புள்ளி ஆறு.

பிளக் நான்கும் கண்மை டப்பிகள்.

கலவைத் திருகை முழுக்க உள்ளே முடுக்கினார்.
மூச்சு முட்டி நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்து
மறுபடி செருகிக்கொண்டார்.
"வேற வழியாக் குடிக்குதும்மா."

கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால்
பித்தளை மிதவை, எலுமிச்சை அளவு.
காதருகே ஆட்டச் சொன்னார்.
இளநீரைக் குலுக்கினால் வரும் சத்தம்.
மேலே நின்று போதும் சொல்ல வேண்டியது
தானும் குடித்துவிட்டு
அடியில் கிடந்திருக்கிறது.

வெந்நீரில் அமுக்கினோம்.
ஒரே இடத்திலிருந்து குமிழி, குமிழி, குமிழி.
ஊசி குத்தினாற்போல் ஓட்டை.
"இந்தத் தகட்டுல நான் நெருப்பு வெச்சா உருகிடும்.
செவ்வாப்பேட்டைக்குப் போங்க."

செவ்வாப்பேட்டையில் தனபாக்கியம்
கொலுசுக்கு முத்து பற்றவைக்கிறவர்.
கையில் வாங்கி உருட்டிப் பார்த்துக் கேட்டார்:
"ஜோடி எங்கே?"
ஒற்றைதான் என்றேன். காருக்கு என்றேன்.
சிரிக்கவில்லை. தராசில் வைத்தார்.
"வெள்ளிப்பொடி இதுக்கு ஆகாது. ஈயம் போதும், கடுகளவு.
கனம் கூடினா மறுபடி முழுகும்."
குழாயை ஊதினார். நான் இரண்டு முறை இமைத்திருப்பேன்.
ஒன்பது புள்ளி ஆறு கிராம் வந்தது
ஒன்பது புள்ளி ஏழாய்ப் போகிறது.
துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்:
சேதாரம் இல்லை. கூலி இருபது.

அஸ்தம்பட்டியில் இரண்டு புள்ளி நான்கு.
நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து
ஆறு மாதத்துக்குத் தாள் கொடுத்தாள்.
இந்த முறை காசு வாங்கினாள்.

மறுநாள் காலை
கீழ்வீட்டு ஜன்னல் வழக்கம்போல் சாத்திக்கொண்டது.
இறங்கிப் போய்த் தாளைக் காட்டவா முடியும்?

ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் இருக்கும் மகனுக்குத்
துவைத்த துணிகளோடு மலை ஏறுகிறேன்.
பதினைந்தாவது கொண்டை ஊசி தாண்டினால்
காற்று மெலிகிறது.
பெட்ரோல் கீழே எவ்வளவோ மேலேயும் ஏறத்தாழ அவ்வளவு.
முந்தானைக்கு லேசாக வாசம் திரும்புகிறது.
பையில் இருக்கும் இரண்டு புள்ளி நான்கு
சேலத்துக் காற்றின் கணக்கு.
மேலே யாரும் அளப்பதில்லை.

சின்ன ஜெட் போட்டால் இங்கே சரியாகும் என்றார் கவுஸ் பாய்.
கீழே திணறும் என்றும் சொன்னார்.

கண்ணாடியை இறக்கிவிட்டு
இரண்டாவது கியருக்கு மாறுகிறேன்.
இன்னும் ஐந்து வளைவு.