நானுஓயா மேம்பாலம்

மாதத்தின் முதலாம் சனியும் மூன்றாம் சனியும்
நானுஓயாவில் நான் கைமாறுவேன்.

அம்மா அப்புத்தளையிலிருந்து கோச்சியில் கூட்டிவருவாள்.
பட்டிப்பொல சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில்,
இந்தப் பக்கம் மழை.
பெட்டிக்குள் யாரும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்வதில்லை.
அப்பா கொட்டகலையிலிருந்து முன்னமே வந்து
எதிர் மேடையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்,
வழக்குக்கென்று வாங்கிய அதே சட்டையில் நிற்பார்.

நடுவே தண்டவாளம். மேலே ஓர் இரும்புப் பாலம்.
ஏற இருபத்தாறு படி, இறங்கவும் அவ்வளவே.
அதை நான் தனியாகத்தான் கடக்க வேண்டும்.
கட்டளையில் அப்படியொன்றும் இல்லை.
அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

கட்டளைத் தாள் பால்மா டின்னுக்குள் இருந்தது.
ஒருநாள் எடுத்து எழுத்துக்கூட்டினேன்:
பிள்ளையின் கட்டுக்காவல்.
கட்டு தெரியும். விறகுக்கட்டு.
காவல் தெரியும். ராவில் ஸ்டோரைச் சுற்றி
டோர்ச் அடித்துக்கொண்டு போகும் சீலன் மாமா.
இரண்டுக்கும் நடுவில்
நான் எங்கே வருகிறேன் என்றுதான் விளங்கவில்லை.

நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு டொஃபி தந்தார்.
சிங்களத்தில் கேட்டார்; பக்கத்தில் நின்றவர் தமிழாக்கினார்:
"யார்கிட்ட இருக்க விருப்பம்?"
நான் டொஃபித் தாளை மடித்தேன், மடித்தேன்,
இனி மடியாது என்னும் மட்டும் மடித்தேன்.
அதற்குள் அவர் ஏதோ எழுதிவிட்டார்.

கணக்குக் கொப்பி கொட்டகலையில் கிடக்கும்,
திங்கட்கிழமை அப்புத்தளையில் விடியும்.
அங்கே அம்மா 'அவ'.
இங்கே அப்பா 'அந்தாளு'.
வாய்தவறி 'நம்ம வீட்டுல' என்று தொடங்கினால்
இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி:
"எந்த வீட்டுல?"

என் பெயர் ரொஷாந்தினி.
அவர்கள் பிரிவதற்கு முன்பே
அம்மாவுக்கு நான் ரொஷி, அப்பாவுக்குத் தினி.

ஐப்பசியில் ஒரு சனி.
பாலத்தின் நடுவில் நான் இருக்கும்போது
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தது.
முதலில் குழாய் போனது, பிறகு அப்பா,
திரும்பிப் பார்த்தால் அம்மாவின் குடையும் இல்லை.
என் சப்பாத்தே மங்கலாகத்தான் தெரிந்தது.

"ரொஷி!"
"தினி!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"புள்ள அங்கிட்டு எறங்கிட்டாளா?"
"இல்லியே. நீ அனுப்புனியா?"
"அனுப்பி எவ்வளவு நேரமாச்சு."
"இந்தக் குளுருக்கு இழுக்குமே. பம்ப் வச்சியா?"
"சைடு ஜிப்புல இருக்கு. சுவெட்டர் கொண்டாந்தீங்களா?"
"ம்."
"செவப்பா? அது பத்தாது இப்ப."
"தெரியும். நீலம் வாங்கிருக்கேன்."

பதினொரு மாதம்.
வக்கீல் வாயால் பேசினார்கள்,
மிச்சத்தை என் வாயால்.
நான் வாயை மூடிக்கொண்டேன்.
கைப்பிடிக் கம்பி விறைத்தது. நெஞ்சுக்குள் விசில்.
இருமல் முட்டியது.
பேக் பட்டியைக் கடித்துக்கொண்டேன்,
உப்புக் கரித்தது.
இன்னும் கொஞ்சம். சுவெட்டர் என்ன விலை என்றாவது கேட்கட்டும்.

அம்மாவின் குரல் உடைந்தது.
அந்தப் பக்கம் படியில் கால் வைக்கும் சத்தம்.
இந்தப் பக்கமும்.
பாலம் இரண்டு முனையிலிருந்தும் அதிர்ந்து
என் உள்ளங்காலுக்கு வந்தது.
ஐந்து படி ஏறியிருப்பார்கள். ஆறு.

இருமிவிட்டேன்.

இரண்டு சத்தமும் நின்றன.
"மேலதான் இருக்கா" என்றாள் அம்மா, யாருக்கோ.
பிறகு ஒரு பக்கம் காலடிகள் இறங்கிப்போயின.

மூன்றாம் சனி அது.
எந்தப் பக்கம் இறங்க வேண்டுமென்று எனக்குத் தெரியும்.
அப்பா புது சுவெட்டரைத் தலைவழியே மாட்டிவிட்டார்.
கை நீளம். விரல் வெளியே வரவில்லை.

"எங்க நின்ன இவ்வளவு நேரம்?"

"மேல" என்றேன்.