கொக்கு மார்க்

கஸ்தூரியார் வீதி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
படிவம் நிரப்புவது என் வேலை.
கொக்குவில் சிவகடாட்சம் வந்து
மேசையில் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்தார்,
சத்தியம் பண்ணுகிறவர் கற்பூரம் வைப்பதுபோல.

‘வெள்ளை எண்ட சொல்லைப் பதியேலுமோ, பிள்ளை?’
ஏலாது ஐயா. சவர்க்காரம் விக்கிற எல்லாருக்கும்
அந்தச் சொல் வேணும்.
‘அப்ப கொக்குவில்?’
ஊர்ப்பேரை ஒராளுக்கு எழுதித் தரமாட்டினம்.
‘வெறும் கொக்கு?’
கொக்குக்கும் சவர்க்காரத்துக்கும் சம்பந்தமில்லை,
அதாலை பதியலாம்.
சம்பந்தமில்லாத சொல்தான்
உறுதியாய்ச் சொந்தமாகும்.

வகுப்பு மூன்று என்று எழுதினேன்.
‘நான் அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான்.’
அது சவர்க்காரத்தின்ர வகுப்பு, ஐயா.

பதிஞ்சால் பத்து வருசம்.
காசு கட்டினால் இன்னொரு பத்து.
‘கட்டாட்டில்?’
கொக்கு பறந்திடும்.
‘வட்டத்துக்குள்ள ஒரு ஆர் போடுவினமே, அது?’
பதிவுத்தாள் கைக்கு வந்தாப் பிறகு.
முந்திப் போட்டால் குற்றம்.
மேசைத் தூசியில் விரலால் ஒரு வட்டம் கீறியவர்
சட்டென்று அழித்தார்.

அவருடைய கொக்கு வலக்காலில் நிற்கும்.
தம்பி தேவகடாட்சத்தின் கொக்கு இடக்காலில்.
தகப்பன் செத்த வருடம்
ஆலைக்குக் குறுக்கே மதில் எழும்பியது.
பதினொரு வருடமாய்ப் பேச்சில்லை.
ஆளுக்கொரு பக்கம்
ஒற்றைக்காலில்.

நாள் போய், வர்த்தமானியில் கொக்கு வந்தது.
ஆட்சேபிக்க மூன்று மாதம்.
ஒன்பது நாள் மிச்சமிருக்கத் தம்பி ஆட்சேபித்தார்.
மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து
இந்தப் பக்கம் வர
கடிதம் கொழும்புக்குப் போய்த் திரும்பியிருந்தது.
‘அன்புள்ள’ கிடையாது.
‘மேற்படி குறியின் எதிராளியாகிய நான்.’

சான்றாக ஒரு பழைய உறை.
நீலம் மங்கி, மடிப்பில் கிழிந்து,
தகப்பன் முதன்முதல் அச்சடித்தது.
அதில் கொக்கு
இரண்டு காலிலும் நின்றது.

சிவகடாட்சம் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், போடவில்லை.
‘அச்சுக்கட்டை ஒருநாள் நிலத்தில விழுந்து
ஒரு கால் உடைஞ்சு போச்சு.
விழுத்தினது நான்.
அடி வாங்கினது அவன்.’
எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை.
அது படிவத்தில் இல்லாத கேள்வி.

கீழே மருந்துக்கடையில்
யாரோ சில்லறைக்குச் சண்டை பிடித்தார்கள்.
முடிந்து போனார்கள்.
அதற்குப் பிறகுதான் கேட்டார்:
‘ரெண்டு காலோட பதிய எவ்வளவு முடியும்?’

புது விண்ணப்பம், ஐயா. புதுக் கட்டணம்.
தாளை எடுத்தேன்.
விண்ணப்பதாரர் பெயர்.
ஒராளோ, ரெண்டு பேரோ?

கோட்டின்மேல் என் பேனை
ஒற்றைக்காலில் நிற்கிறது.