இனிஷியல்

போன மாதம்வரை எங்கள் சர்வருக்குப்
புது வடிவம் ஏற்றியது என் கைதான்.
இரவு பதினொன்றே முக்கால்,
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடி.
பழையதை நிறுத்து, புதியதை நகலெடு,
டேட்டாபேஸைத் தொடு, மூச்சைப் பிடி,
ஓடவிடு.
மொத்தம் பதினோரு கட்டளை.
கேஸ் புக்கின் பின்னட்டையில் பென்சிலால் எழுதியிருந்தேன்.
ஒருநாள் ஏழாவதை விட்டுவிட்டேன்.

விடிந்ததும்
பதினேழு பலகாரக் கடைகளின் பார்சலும்
ஒரே விலாசத்துக்குப் புறப்பட்டன.
மாவுருண்டை, சீப்புச் சீடை, மனகோலம்,
நாற்பத்திரண்டு கிலோ,
குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டர் வீட்டுக்கு.
அவர் நல்ல மனுஷர், போன் போட்டுச் சிரித்தார்.
கடைக்காரர்கள் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அதைத் தேடிப் பிடித்தேன்.
யாரோ எழுதிப் பொதுவில் வைத்த கருவித் தொகுப்பு.
எடுத்துக்கொள், மாற்றிக்கொள்,
உடைந்தால் எங்களைக் கேட்காதே
என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிற நேர்மை.
எங்கள் புராஜெக்டுக்குள் கூப்பிட்டு
உட்காரச் சொன்னேன்.
உட்காரவில்லை.

அது கேட்ட ஃபோல்டர் என்னிடம் இல்லை.
என்னிடம் இருந்த பெயர்கள் அதற்குச் செரிக்கவில்லை.
கான்ஃபிக் ஃபைலில் ஒரு ஸ்பேஸ் கூடிப்போய்
மூன்று மணி நேரம்.
இல்லாத எழுத்தை எங்கே போய்த் தேடுவது,
அதுவும் கொசுக்கடியில்?
பாஸ்வேர்டை அப்படியே எழுதப் போனேன்,
வயிரவன் கையைத் தட்டிவிட்டான்.
"பெட்டகத்தப் பூட்டிட்டு
சாவிய வாசல்ல தொங்கவிடுவியா?"

நாலாம் நாள் ராத்திரி ஓடியது.
சோதனை சர்வரில்தான், ஆனாலும் ஓடியது.
ஒவ்வொரு ஃபைலின் தலையிலும்
ஒன்பது பேர் பெயர்:
ஒரு யொஹான், ஒரு மார்த்தா,
மற்றவர்கள் எந்த ஊரோ.
திங்கட்கிழமை கடைக்காரர்களுக்குக் காட்டவேண்டும்.
இது எங்கள் சரக்கு என்று சொல்ல
வாய் ஊறியது.
அழிக்கத் தொடங்கினேன்.

வயிரவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.
"என்னப் பிள்ள கூட்டிட்டு வந்தாங்க, தெரியும்ல?"
தெரியாது. நாலு வருஷம் ஒரே மேஜை.
தேவகோட்டையில் மெய. வயிரவன்,
மூன்று வயதில்
காரைக்குடிக்கு வந்து சித. வயிரவன்.
மஞ்சத்தண்ணி குடித்தது நினைவில்லையாம்.
"இனிஷியல் மாறுச்சு. வீடு வந்துச்சு,
வீட்டு மேல இருந்த கடனும் வந்துச்சு.
ஆனா பத்திரத்துல
எந்த வீட்டுலேர்ந்து வந்தேன்னு இருக்கு.
அத அழிச்சா பத்திரமே செல்லாது சகாயம்."
சொல்லிவிட்டு ஆறிய டீயைக் குடித்தான்.
லைசென்ஸை அப்போதுதான் முழுசாகப் படித்தேன்.
அதிலும் அதேதான் எழுதியிருந்தது,
இவ்வளவு நன்றாக இல்லை.

அழித்ததையெல்லாம் திரும்ப வரவழைத்தேன்.

புதன்கிழமை, பட்டப்பகல், மூன்று மணி.
ஒரே ஒரு கட்டளை.
கை சும்மா இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
பாதியில் நின்றது.
நெஞ்சு அடிப்பதற்குள்
பழைய வடிவத்துக்கே திரும்பிவிட்டேன் என்று
தானே எழுதிக் காட்டியது.
பன்னீர் என்று தமிழில் பெயர் வைத்த ஒரு கடையின் ஃபோல்டர்,
அதைப் படிக்கத் தெரியாமல் தடுக்கி விழுந்திருக்கிறது பாவம்.
அந்த ஒன்பது பேருக்கும் தமிழ் யார் சொன்னார்கள்?

மூன்று வரி திருத்தினேன். நின்றது ஓடியது.
அந்த மூன்று வரியை அவர்களுக்கே அனுப்பப் போனால்
படிவம் கேட்கிறது:
முதல் பெயர்.
கடைசிப் பெயர்.
நமக்கேது கடைசிப் பெயர்?
அப்பாவின் ஆ-வைப் போட்டேன்,
ஓரெழுத்து செல்லாது என்றது.
வயிரவனைப் பார்த்தேன்,
"எங்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு வேணுமா?" என்றான்.

கீழே ஜெராக்ஸ் மெஷின்
யாருடைய பத்திரத்தையோ இழுத்துக்கொண்டிருந்தது.
யோசித்து அடித்தேன்:
சகாயராணி செக்காலை.

ஏற்றுக்கொண்டது படிவம்.
அந்த ஒன்பது பேரிடமிருந்து
இன்னும் பதில் இல்லை.