மான் தின்ற சுவரொட்டி

மஞ்சளுக்கென்று ஒரு விளக்கும் இல்லை யூஜினிடம்.
"சிவப்பும் பச்சையும் ஒரே இடத்தில விழட்டும், பார்."
விழுந்தது.
வெள்ளைச் சீலையில்
கறுத்தக்கொழும்பான் பழுத்தாற்போல ஒரு மஞ்சள்.
நான் அச்சகக்காரி, நம்பவில்லை.
சீலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

என்னிடம் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால்
சேறுதான்.
உட்துறைமுக வீதியில் எங்கள் மெஷினுக்கு
நாலு மை ரின்:
சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு.
முதல் மூன்றும் கலந்தால் கறுப்பு வருமென்கிறது புத்தகம்.
வருவது கந்தளாய் லொறியின் மட்கார்ட் நிறம்.
அதனால்தான் இருட்டையும்
காசு கொடுத்து வாங்குகிறோம்.

கிண்ணியாவிலிருந்து நஸ்மி வந்தான்,
நகத்துக்குள் படகின் நீலத்தோடு.
"சிவப்பு, மஞ்சள், நீலம். இதுக்கு மேல என்ன?
பச்சைக்கு நான்தான் உம்மாவும் வாப்பாவும்.
அது எப்பிடிடா முதல் நிறமாகும்?"

பிளேன்ரீ ஆறிப்போகும் வரை சண்டை.
யூஜின் கூட்டுகிறான்,
எல்லாம் சேர அவனுக்கு வெள்ளை.
நான் கழிக்கிறேன்.
வெள்ளையாய் வரும் தாளிலிருந்து
ஒவ்வொரு மையும் ஒன்றைத் தூக்கிப்போகிறது,
கடன்காரர் வந்து
வீட்டுச் சாமானைத் தூக்குவதுபோல.
நஸ்மிக்குக் கணக்கில்லை.
அவன் பூசுகிறான்,
உப்புக்காற்று கழிக்கிறது.

இரவு ஒட்டிய சுவரொட்டியை
விடிய, பஸ் நிலையத்தடியில்
ஒரு புள்ளிமான் தின்றுகொண்டு நின்றது.
பச்சைப் பின்னணியில் சிவப்பில் 'நாடகம்'.
மூன்று தரம் திருத்தி அடித்த சிவப்பு.

யூஜின் கைபேசியைப் பார்த்து வாசித்தான்:
மானுக்குச் சிவப்புத் தெரியாதாம்.
அதன் கண்ணுக்குள் மூன்று இல்லை, இரண்டு.
என் எழுத்தும் பின்னணியும் அதற்கு
கிட்டத்தட்ட ஒரே புல்.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
அப்ப, மூன்று என்பது
வெளிச்சத்திலும் இல்லை, ரின்னிலும் இல்லை.
விழியின் பின்சுவரில்
யாரோ கவிழ்க்காமல் வைத்துவிட்டுப் போன
மூன்று கிண்ணம்.
டச்சுக்குடாவில் கடல்
எதையும் எண்ணாமல் கிடந்தது.
அதை நீலம் என்று சொல்லக்கூட
எனக்குக் கூச்சமாயிருந்தது.

மான் 'நாட' வரைக்கும் தின்றுவிட்டு
உதட்டை நக்கியது.
சுவரில் மிச்சம் 'கம்'.
"ஒட்டினதச் சரியாத்தான் எழுதியிருக்கு"
என்று நஸ்மி சிரித்தான்.

நூறு தாள் திரும்ப அடிக்க வேண்டும்.
மஜென்டா ரின்னைத் திறந்தேன்.
ஆருக்கென்று தெரியவில்லை,
சிவப்பைக் கொஞ்சம் கூட்டினேன்.