பழைய விரலை நீக்கவா?

சிவப்பு வயர், மூன்று சென்டிமீட்டர்.
கடையில் காசுக்கு விற்கிற நீளமே இல்லை.
கழித்துப் போட்ட பேனலிலிருந்து வெட்டினேன்.
இரண்டு முனையையும் நான்தான் சீவினேன்,
நான்தான் முடுக்கினேன்.
அத்தோடு பதினேழாம் நம்பர் பிரஸ்ஸுக்குக்
கண் அவிந்தது.

அதுவரை அதற்குக் கண் உண்டு.
அச்சுக்கு முன்னால் நெடுக நிற்கும் ஒளித்திரை.
கை குறுக்கிட்டால் இரும்பு அந்தரத்தில் நின்றுவிடும்.
கை குறுக்கிடாதபோதும் நின்றது.
தூசிக்கு நின்றது, எண்ணெய்ப் புகைக்கு நின்றது,
சில ராத்திரி வெறுமனே நின்றது.
ஷிஃப்ட்டுக்கு ஆயிரத்து நானூறு கார்க்கதவுக் கீல் கேட்டார்கள்.
ஆயிரத்து நூறு தாண்டவில்லை.
துன்ஜாய் வந்து தோளில் கை போட்டான்.
"செய் என்று நான் சொல்லமாட்டேன்.
நீ எலக்ட்ரீஷியன். உனக்குத் தெரியாததா?"

தெரிந்ததுதான்.

விடியுமுன் மூன்றே முக்கால்.
அந்நேரம் புர்சாவில்
மலையுச்சிப் பனி மட்டும் விழித்திருக்கும்.
கோணலாய் விழுந்த தகட்டை நேராக்க
சானியே கை நீட்டினாள்.
வேறாக ஒரு சத்தமும் கேட்கவில்லை.
எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.
அதே சத்தம்.
அன்றைக்கு அறுநூற்றுப் பத்தாவது தடவையாக.

கான்டீன் ஃப்ரிட்ஜில் மோர்ப் புட்டிகளை ஒதுக்கி
ஐஸ் சுரண்டினோம்.
ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்தார்,
திரும்ப முடிச்சுப் போட்டார்.
வலது ஆள்காட்டி. வலது நடு.
அறுந்ததைத் தைக்கலாம்,
நசுங்கியதில் ஊசி எங்கே ஏறும்?

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர்.
ஏழு மணிக்குத் துன்ஜாய் கண்ணைத் திருப்பித் தரச் சொன்னான்.
தந்தேன்.
இரண்டு திருகு, ஒரு நிமிஷம்கூட இல்லை.
இன்ஸ்பெக்டர் குறுக்கே தன் பேனாவை நீட்டினார்,
பிறகு தைரியமாகக் கையை.
பிரஸ் நல்ல பிள்ளையாய் நின்றது.
தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்,
அழகான கையெழுத்து.
வயர் என் சட்டைப் பையில்,
ஒரு டீ டோக்கனோடு.

பத்தொன்பதாம் நாள் வந்தாள்,
ஏதோ படிவமாம், கையெழுத்தாம்.
வாசலில் வருகைப்பதிவு மெஷின் விரல் கேட்டது.
அது அவளை அறிந்ததெல்லாம் வலது ஆள்காட்டியால்.
கட்டை விரலை வைத்தாள்.
அடையாளம் இல்லை. மறுபடி வைக்கவும்.
மோதிர விரலை வைத்தாள்.
அடையாளம் இல்லை. மறுபடி வைக்கவும்.
ஏழு வருஷம் இதே வாசல்.
காவலாள் என்னைக் கூப்பிட்டான்.
மெஷின் கோளாறென்றால் நான்தானே.

புது விரல் ஏற்ற
ஆளின் கையைப் பிடித்து மூன்று தடவை
கண்ணாடியில் அழுத்த வேண்டும்.
இடது கையைப் பிடித்தேன்.
முதல் தடவை பதியவில்லை,
யாருடைய நடுக்கம் என்று மெஷின் சொல்லாது.
"வயர் என்ன நிறம்?" என்றாள்
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கண்ணாடியைத் துணியால் துடைத்தேன்.
துடைத்ததையே துடைத்தேன்.

உள்ளே அவளுக்கு டீ கொடுத்தார்கள்.
எங்கள் டீக் கண்ணாடிக்குக் காது கிடையாது,
விளிம்பை இரண்டு விரலால் கவ்வ வேண்டும்.
மோதிர விரலைக் கொண்டு கவ்வப் பார்த்தாள்.
படிவத்தில் சிந்தியது.
ஆபீஸ் அம்மாள் பதறிப்போய்த் துடைத்தாள்,
படிவத்தை.

நான் வாசலிலேயே நின்றேன்.
மெஷின் இன்னொரு கேள்வியோடு காத்திருந்தது.
பழைய விரலை நீக்கவா?
ஆம். இல்லை.

ஆளைக் காட்டத்தானே அதற்கு ஆள்காட்டி என்று பேர்.
எங்கள் பெரும்பேச்சில் இன்னொரு பேர் உண்டு,
சாட்சி விரல்.
ஆஸ்பத்திரி வாளியில் போனது அது.
என்னுடையது முழுசாக இருக்கிறது,
நகத்தில் கிரீஸோடு.
இல்லை என்பதை அதைக் கொண்டே அழுத்தினேன்.

அப்படியாக அவள் விரல்
இன்னும் அந்த மெஷினுக்குள்
வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

துன்ஜாய்க்கு இதெல்லாம் தெரியாது.
தெரிய வரும்.

சிவப்பு, சானியே.
மூன்று சென்டிமீட்டர், இரண்டு முனையும் சீவியது.
கேஸ் எந்தத் தேதியென்று சொல்.